வாலைத் துரத்தும் நாய்க்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாய்ச் சாமான் கடைக்குள் போய் "நாய் வாலைத் துரத்திச் சுத்துதுங்க" என்று சொன்னால் முன்னால் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஐந்து சாமான்கள்: மோப்பப் பாய், தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை, கசப்பு ஸ்பிரே, கழுத்துக் கூம்பு, லேசர் விளக்கு. முதல் இரண்டும் கொடுத்த காசுக்குத் தகும். ஸ்பிரேயும் கூம்பும் வாலைக் கடித்த புண் ஆறும்வரை மட்டும். லேசரை வாங்கவே வேண்டாம்.

எதையும் வாங்கும் முன் வாலடி முடியைப் பிரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி அழுக்கு இருந்து, ஈரப் பஞ்சில் ஒற்றினால் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம். வளர்ந்த நாய் திடீரென்று தொடங்கினாலோ, வாலைத் தொட்டதும் வலியில் கத்தினாலோ, முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். இதில் எது இருந்தாலும் முதலில் கால்நடை மருத்துவர்தான், பொம்மை அப்புறம். இரண்டு மூன்று மாதக் குட்டி நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக நிறுத்தினால் அது விளையாட்டு. கூப்பிட்டாலும் திரும்பாமல், தீனியை விட்டுவிட்டுச் சுற்றினால்தான் கவலை.

மோப்பப் பாய் என்பது துளைகள் உள்ள ரப்பர் விரிப்பில் துணிக்கீற்றுகளைப் புல் மாதிரி கட்டியது. உலர் தீனியை அதற்குள் தூவினால் நாய் ஒவ்வொன்றாக மூக்கால் தேடித் தின்னும். தட்டில் வைத்தால் ஒரு நிமிடத்தில் முடியும் தீனி பாயில் கால் மணி நேரம் வரை இழுக்கும். மூக்கு வேலை செய்யும்போது நாயின் பரபரப்பு அடங்குகிறது. இந்தச் சாமானின் பயனெல்லாம் அதில்தான். கடையில் கிடைப்பவற்றில் துணி அடர்த்தி குறைவாக இருந்தால் தீனி மேலேயே தெரியும், வாங்கியும் பிரயோசனமில்லை. விரலால் விலக்கினால் ரப்பர் உடனே தெரியாத பாயாகப் பாருங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். 30க்கு 40 செ.மீ. துளை விரிப்புக்கு 3 செ.மீ. அகலம், 16 முதல் 18 செ.மீ. நீளத்தில் ஏறக்குறைய 200 கீற்றுகள் வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளை இரண்டில் நுழைத்து, மேல்பக்கம் இறுக்கமாக ஒரு முடிச்சு. பனியன் துணியின் ஓரம் சுருளுமே தவிர நூல் நூலாகப் பிரியாது. சட்டைத் துணி பிரியும். அந்த நூலை நாய் விழுங்கினால் குடலில் சிக்கும். துணியைக் கடித்துத் தின்னும் பழக்கம் உள்ள நாய்க்குப் பாயே கொடுக்காதீர்கள். தயிர்சோறு, குழம்பு எதையும் பாயில் போடாதீர்கள்: ஒரே நாளில் எறும்பு ஏறும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தின்று முடித்ததும் உதறி எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காய வையுங்கள்.

ஈரத் தீனிக்கு ரப்பர் பொம்மை. காங் நிறுவனப் பொம்மையில் சிவப்பு சாதாரணக் கடிக்கு, கறுப்பு முரட்டுக் கடிக்கு. வேறு பிராண்டு எடுத்தாலும் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓட்டை உள்ளதில் நாய் நக்கும்போது காற்று வெளியேறி, நாக்கு உள்ளே உறிஞ்சப்பட்டு மாட்டிக்கொள்ளும். அளவு முழுதாக வாய்க்குள் போகாததாக இருக்க வேண்டும். சின்ன ஓட்டையைக் கெட்டியான ராகிக் களியால் அடைத்து, உள்ளே களி, தயிர், வேகவைத்த முட்டை கலந்து நிரப்பி ஃப்ரீசரில் ஐந்தாறு மணி நேரம் வைத்தால், சித்திரை வெயிலிலும் அரை மணி நேரம் தாக்குப் பிடிக்கும். வெங்காயம், திராட்சை கூடாது. கடலை வெண்ணெய் தடவுவதானால் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு) சேர்க்காததா என்று லேபிளைப் படியுங்கள். சிறிதளவு சைலிட்டாலே நாயின் உயிருக்கு ஆபத்து. இதெல்லாம் அன்றாடத் தீனியின் பங்குதான். கூடுதலாகக் கொடுத்தால் நாய் பெருத்துவிடும்.

இரண்டையும் எப்போது கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுற்றத் தொடங்கிய பிறகு நீட்டினால், சுற்றினால் தீனி வரும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வழக்கமாக எந்த நேரத்தில் தொடங்கும் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பால்காரர் வரும் நேரம், பொழுது சாயும் நேரம் என்று ஏதோ ஒரு ஒழுங்கு தெரியும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்தால் கத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். இரண்டுமே நாய்க்குக் கவனிப்புதான். அமைதியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, உட்கார்ந்ததற்காகக் கொடுங்கள்.

தோட்டத்துச் சாளையில் நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு இவை மட்டும் போதாது. அந்த வட்டத்துக்குள் அதற்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. ஹார்டுவேர் கடையில் 4 மி.மீ. கம்பிக் கயிறு பத்து மீட்டர், இறுக்க ஒரு டர்ன்பக்கிள், ஒரு உருளை வளையம், சுழலும் கொக்கி வாங்கி, இரண்டு தென்னைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். சங்கிலியை வளையத்தில் மாட்டினால் நாய் கம்பி நெடுகப் போய் வரலாம். மரத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே வளையம் நிற்கும்படி இரண்டு பக்கமும் கிளிப் போடாவிட்டால் சங்கிலி மரத்தைச் சுற்றி இறுகும். கழுத்துப்பட்டைக்குப் பதில் உடல்பட்டையில் மாட்டுங்கள். நிழலும் தண்ணீரும் எட்ட வேண்டும். இது நடைக்கு மாற்றாகாது. காலையிலும் மாலையிலும் அரை அரை மணி நேரம் கூட்டிப் போகத்தான் வேண்டும்.

கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருக்க வேண்டும். வால் நீண்ட நாய்க்குக் கூம்பு போட்டாலும் வால் வாய்க்கு எட்டும். கூம்புக்குப் பதில் கழுத்தில் மாட்டும் காற்றடைத்த வளையம் வாலுக்கு உதவவே உதவாது. கசப்பு ஸ்பிரேயில் ஆல்கஹால் இருந்தால் புண்ணில் எரியும், எரிச்சலில் இன்னும் கடிக்கும். அதற்குப் பதில் வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம், நக்கினால் வாந்தி எடுக்கும்.

லேசர் புள்ளியை நாயால் ஒருநாளும் பிடிக்க முடியாது. துரத்தல் முடிவே இல்லாமல் போவதால், வாலோடு நிழலையும் வெளிச்சத்தையும் துரத்தத் தொடங்கும் நாய்கள் உண்டு. ஷாக் பட்டையும் அப்படித்தான்: பதற்றத்தில் பிறக்கும் பழக்கத்துக்கு வலியைச் சேர்த்தால் பதற்றம்தான் கூடும்.

சில கடைகளில் வைட்டமின் டானிக்கும் நீட்டுவார்கள். 2012இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 368 நாய்களை ஆராய்ந்தபோது, வைட்டமினும் தாதுச்சத்தும் பெற்ற நாய்களிடம் வால் துரத்தல் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் டானிக் கொடுத்து நிறுத்திக் காட்டிய சோதனை அல்ல அது. அதே ஆய்வில், சீக்கிரமே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாய்களிடம் இந்தப் பழக்கம் அதிகம் இருந்தது. குட்டி வாங்குவோர் எட்டு வாரம் தாயோடு விட்டுவிட்டு வாங்குங்கள். புல் டெரியர், அல்சேஷன் இனங்களில் இது கூடுதலாக வருவதால் அவற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால், வாலில் ரத்தம் தெரிந்தால், சுற்றும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருத்துவமனை மேசையில் நாய் சுற்றிக் காட்டாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகளான ஃப்ளூவாக்ஸெடின் அல்லது க்ளோமிப்ரமின் எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்து நாளில் மாற்றமில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை ஓடும்போதும் பாயும் பொம்மையும் நடையும் தொடரட்டும்.