ஃபேன் இல்லாத லேப்டாப்பில் ஐந்து வருடம்

சித்தி மகன் நேற்று ராத்திரி போனில் கேட்டான். "அண்ணா, அறுபதாயிரத்துக்கே நல்ல விண்டோஸ் லேப்டாப் கிடைக்குது. நீங்க எதுக்கு அவ்வளவு குடுத்து மேக் வாங்கினீங்க?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. பெரும்பாலும் கிராமத்துப் பெரியவர்களின் பேட்டிகள். வாக்கியம் முடியும்போது குரல் இறங்கிவிடும். 'போனான்' என்றாரா, 'போனாள்' என்றாரா? அந்த ஓர் எழுத்துக்காக நாலு தடவை பின்னால் ஓட்டிக் கேட்பேன். மதுரை மே மாத மதியத்தில், பழைய லேப்டாப்பின் ஃபேன் சரியாக அந்த இடத்தில்தான் இரையும். நாலு வருடத்தில் ஃபேன் இரண்டு தடவை மாற்றினேன், ஹார்ட் டிஸ்க் ஒரு தடவை. மூன்று முறை ஃபார்மட். ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் ஒரு நாள் பிழைப்பு போனது.

2021 தொடக்கத்தில் ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் வாங்கினேன். 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு இடம், அப்போது 92,900 ரூபாய். அதில் ஃபேனே கிடையாது. முதல் நாள் ஒரு பாட்டியின் பேட்டியை ஓட்டினேன். அவர் பேச்சை நிறுத்திய இடத்தில், பின்னால் யாரோ உரலில் வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்டது. அதே பதிவைப் பழைய லேப்டாப்பில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த உரல் என் காதில் விழுந்ததே இல்லை.

பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்புடன் வந்தது, இப்போது பின்னால் வந்த டஹோ பதிப்பு ஓடுகிறது. இதுவரை ஃபார்மட் செய்ததில்லை. தமிழ்99 விசைப்பலகை சிஸ்டத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறந்தால் விட்ட வரியிலிருந்து தொடரலாம்.

ஆனால் அந்த போர்ட் விஷயம்! மொத்தம் இரண்டுதான், இரண்டும் இடது பக்கம். வலது பக்கம் ஹெட்போன் ஓட்டை மட்டும். சார்ஜருக்கு ஒன்று போனால் மிச்சம் ஒன்று. எனக்கோ பதிவை நிறுத்தி ஓட்டும் கால் பெடலும் வேண்டும், வெளியே மாட்டும் எஸ்எஸ்டி டிஸ்க்கும் வேண்டும். 256 ஜிபியைப் பின்னால் கூட்டவும் வழியில்லை, எல்லாம் உள்ளே மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. அதனால் ஐந்து வருடமாக, ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாலைப்போலத் தொங்குகிறது. போன வாரம் கை பட்டு அது ஆடியது. டிஸ்க் துண்டிக்கப்பட்டு, நகலாகிக்கொண்டிருந்த 40 நிமிடப் பதிவு பாழானது. அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்கினேன். எவ்வளவு கூச்சமாக இருந்தது! 2022-ல் வந்த எம்2 ஏரில் சார்ஜருக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு போர்ட்டும் மட்டும் இன்னும் இடது பக்கமே. இவ்வளவு யோசித்துச் செய்தவர்கள் வலது பக்கம் ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

தம்பியிடம், "512 ஜிபி வாங்க முடிந்தால் மேக் வாங்கு, இல்லாவிட்டால் அந்த அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பே போதும், 256-ஐ மட்டும் தொடாதே" என்று கோபமாகவே சொன்னேன்.

"அப்ப உங்களோடதை எனக்கு விலைக்குத் தர்றீங்களா?" என்றான்.

தரமாட்டேன் என்றேன்.