ஐந்து லிட்டர் மினி கெக்கில் வீட்டு பீர்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அலுத்துக்கொள்கிற வேலை ஒன்று உண்டு: பாட்டில் கழுவுவது. 20 லிட்டர் காய்ச்சினால் அரை லிட்டர் பாட்டில் 40 வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி அழுத்தி முடிப்பதற்குள் காய்ச்சும்போது இருந்த உற்சாகம் எல்லாம் வடிந்துவிடும். சரி என்று துருப்பிடிக்காத எஃகு கெக் (பீர் அடைக்கிற உருளை டப்பா), வாயு சிலிண்டர், ரெகுலேட்டர் என்று இறங்கினால் செலவும் எகிறும், அதை வைக்க இடமும் தேட வேண்டும். கடை பீர் அடைத்து வருகிற ஐந்து லிட்டர் தகர கெக்கைக் காலியானதும் எறியாமல் கழுவி மறுபடி நிரப்புவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. நான்கு இருந்தால் காய்ச்சிய மொத்தமும் அதிலேயே அடங்கிவிடும்.

சில வருடங்களாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்த பொருள் என்பதால் அதனிடம் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் சொன்னபடி கேட்கும், அதன் இரண்டு பலவீனங்களை மதித்தால்: ஒன்று துரு, இன்னொன்று அழுத்தம். கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் எந்த கெக் தேறும் என்று பார்க்க வேண்டும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை எளிமையானவை. மேல் மூடியின் நடுவில் ரப்பர் அடைப்பான், அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் குமிழ். கீழே பக்கவாட்டில், வெளியே இழுத்துத் திருகுகிற சின்ன பிளாஸ்டிக் குழாய். மேலே உள்ள குமிழைத் திருகினால் காற்று உள்ளே போகும், பீர் தன் எடையில் கீழே இறங்கும். மறுபயன்பாட்டுக்கு இதுதான் சரியான வகை. இன்னொரு வகையில் அழுத்தம் தருகிற வாயுக் குப்பியே உள்ளே இருக்கும், குழாயும் மேலேயே இருக்கும். ஹைனெக்கென் ட்ராட்கெக் இந்த ரகம். அதன் வால்வைப் பிடுங்கிவிட்டு வேறு அடைப்பான் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் மிச்சமிருக்கும் டப்பாவை நோண்டுவது எனக்கு ஒத்துவராது. அந்த வகை வந்தால் குடித்துவிட்டு மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுகிறேன்.

அடைப்பானைக் கழற்றுவதில்தான் நிறைய கெக்குகள் பாழாகின்றன. பம்ப் வைத்தோ வாயுக் குழாய் செருகியோ பீர் எடுத்திருந்தால், நடுவில் இருந்த பிளாஸ்டிக் துண்டு உள்ளே விழுந்து கிடக்கும். கெக்கை ஆட்டினால் 'கடகட' என்று சத்தம் வரும். முதலில் வெளியே உள்ள ரப்பர் வளையத்தை வெந்நீரில் நனைத்து இளக்கி, மரக்கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கிய எதையாவது விட்டு ஒரு பக்கமாக நெம்ப வேண்டும். ஒரு ஓரம் மேலே வந்துவிட்டால் மீதி விரலோடு வந்துவிடும். பிறகு கெக்கைக் கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே கிடக்கும் துண்டு ஓட்டை வழியாக வந்து விழும். சில நேரம் அது குறுக்கே திரும்பிக்கொண்டு பத்து நிமிடம் வம்பு பண்ணும், பொறுமையாக இருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துவிடக் கூடாது. ஓட்டையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அடுத்த தடவை அந்த இடத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு தெரியும்.

ஏனென்றால் இது துருப்பிடிக்காத எஃகு அல்ல. சாதாரண எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அதற்கும் மேல் உள்பக்கம் அரக்கு போன்ற ஒரு படலம். பீர் அமிலத்தன்மை உள்ளது, நான்கை ஒட்டிய பிஎச். படலம் முழுசாக இருக்கிற வரைக்கும் பீருக்கும் இரும்புக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அது கிழிந்த இடத்தில் இரும்பு கரைந்து பீரில் கலக்கும். நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி ஒரு சுவை அப்போதுதான் வருகிறது. இரும்பு கலந்த பீர் சீக்கிரம் பழசாகவும் ஆகிவிடும்.

அதனால் சுத்தம் செய்வது எல்லாம் மென்மையாகத்தான். உள்ளே பிரஷ், கம்பி நார், மணல், அரிசி போட்டுக் குலுக்குவது எதுவும் ஆகாது. குளோரின் சேர்ந்த பிளீச் கூடவே கூடாது, அது தகரத்தை அரிக்கும். காலியான அன்றே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி நாலைந்து தடவை அலசிவிட்டால் படிந்த ஈஸ்ட் எல்லாம் வந்துவிடும், பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படாது. காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத சலவைப் பொடி) கரைசலை அரை மணி நேரம் விட்டு வைத்து அலசுவேன். ராத்திரி முழுக்க ஊறவிடுகிற பழக்கம் கண்ணாடிப் பாட்டிலோடு நிற்கட்டும்.

காயவைப்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், அதையே பலரும் விட்டுவிடுகிறார்கள். கெக்கின் மேலும் கீழும் தகடுகளை மடித்துச் சேர்த்த விளிம்பு இருக்கிறது. அந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கும். வெறுமனே கவிழ்த்து வைத்தால் மேல் மூடியின் குழிவில் ஒரு மடக்கு தண்ணீர் அப்படியே நிற்கும், ஓட்டை நடுவில் இருப்பதால் ஓரத்தில் இருப்பது வெளியே வராது. நான் செய்வது: சாய்த்துப் பிடித்து, கீழே உள்ள குழாயையும் திறந்துவிட்டு, சுற்றிச் சுற்றி வடிய வைப்பேன். பிறகு ஹேர் ட்ரையரை மிதமான சூட்டில் ஓட்டை வழியாகக் காட்டி, உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்த்தால் எங்கும் ஈரப் பளபளப்பு தெரியக் கூடாது. அடைப்பான் போடாமல் வாயில் ஒரு துணி கட்டி உலர்ந்த அலமாரியில் வைத்துவிடலாம். இப்படி வைத்த கெக்குகள் நீண்ட நாள் தாக்குப்பிடித்தன. ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே மாதத்தில் மடிப்பு ஓரமாகத் துரு ஆரம்பித்துவிடும்.

அடுத்தது அழுத்தம். அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் பீரில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைக் கரியமில வாயுவாக்கும், பீர் பொங்குவது அதனால்தான். ஆனால் பாட்டிலுக்குப் போடுகிற சர்க்கரை அளவை இதில் போடக் கூடாது. கணக்கு இப்படி. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே அதன் கொள்ளளவில் சுமார் 0.85 மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். ஒரு கிராம் சர்க்கரை ஏறக்குறைய அரை கிராம் வாயு தரும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால் கூடுதலாக ஒரு மடங்கு சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிலில் லிட்டருக்கு 6, 7 கிராம் போட்டு 2.5 மடங்குக்குக் கொண்டுபோவது சகஜம். மினி கெக்குக்கு நான் லிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் போவதில்லை. முழு கெக்குக்கு 17, 18 கிராம். கரண்டி அளவை நம்பாமல் சின்ன தராசில் நிறுத்துப் போடுகிறேன்.

இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுவதற்குக் காரணம் வெயில். 1.8 மடங்கு வாயு உள்ள பீர் 20 டிகிரியில் வெளிக்காற்றை விட சுமார் 1 பார் அழுத்தம் கூடுதலாகக் கொடுக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). அதே கெக் 30 டிகிரி அறையில் இருந்தால் கிட்டத்தட்ட 1.7 பார். பாட்டில் அளவுக்கு, அதாவது 2.5 மடங்குக்குச் சர்க்கரை போட்டிருந்தால் 30 டிகிரியில் 3 பாரை நெருங்கிவிடும். மெல்லிய தகடு இதற்காகச் செய்ததல்ல. முதலில் மேல் மூடி, அடி இரண்டும் வெளியே உப்பும். உப்பிய கெக் நேராக நிற்காமல் ஆடும். அதற்குப் பிறகு வாயுவை வெளியேற்றினாலும் தகடு பழைய வடிவத்துக்கு முழுசாகத் திரும்பாது, மடிப்பு விளிம்பில் படலம் விரிசல் விட்டிருக்கும். இன்னொரு விஷயம், நொதித்தல் உண்மையிலேயே முடிந்ததா என்று ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தி காட்டும் மிதவை) இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்து, அளவு அசையாமல் நின்ற பிறகுதான் நிரப்ப வேண்டும். மிச்சமிருக்கும் மால்ட் சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் எல்லாக் கணக்கும் தவறிப்போகும்.

நிரப்புவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சைஃபன் குழாயை அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் ஊற்ற வேண்டும். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக இடம் இருக்காது. அடைப்பானைக் கிருமிநீக்கியில் நனைத்துவிட்டுக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தினால் 'டப்' என்று உட்காரும். பழைய ரப்பரையே ஓரிரு தடவை போடலாம், வெடிப்போ தொளதொளப்போ தெரிந்தால் புதிசு. பீர் காய்ச்சும் பொருள் விற்கிற இடங்களில் தனியாகக் கிடைக்கும். திருகி அழுத்தத்தை வெளியேற்றுகிற குமிழ் உள்ள அடைப்பான் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கொஞ்சம் உப்பல் தெரிந்த உடனே 'புஸ்' என்று விட்டுவிடலாம். பிறகு 20 டிகிரி சுற்றுவட்டத்தில் இரண்டு வாரம், அப்புறம் குடிப்பதற்கு முன்னால் ஒரு முழு நாளாவது ஃப்ரிட்ஜ்.

அந்தக் குளிர்ச்சியை அவசரத்தில் குறைத்தவர்களுக்கு நுரை மட்டும்தான் கிடைக்கும். கெக்கின் வெளிப்புறம் சில்லென்று ஆகிவிடும், நடுவில் இருக்கும் பீர் அப்படி ஆகியிருக்காது. முதல் கோப்பையில் எப்படியும் பாதி நுரைதான். அதோடு அடியில் படிந்த ஈஸ்ட்டும் வரும், குழாய் அடிக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால். கெக்கின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு மெல்லிய கட்டை வைத்து ஃப்ரிட்ஜில் நிறுத்த வேண்டும் என்று ஆரம்பத்தில் யாரோ சொன்னதைக் கேட்டதுண்டு. அப்படிச் சாய்த்தால் வண்டல் நேராகக் குழாய் வாய்க்குத்தான் வந்து சேரும். கட்டையைக் குழாய்ப் பக்கத்தில் கொடுங்கள், வண்டல் பின்னால் ஒதுங்கும். கடைசி அரை லிட்டருக்கு மட்டும் மெதுவாக முன்னால் சாய்த்தால் போதும்.

எடுப்பதற்கு மூன்று வழி. மேல் குமிழைத் திறந்து காற்று விட்டு எடுப்பது, கைப்பம்ப், வாயுக் குப்பி செருகுகிற குழாய். முதல் இரண்டிலும் உள்ளே போவது வெறும் காற்று. அன்றைக்கே தீர்த்தாக வேண்டும், மறுநாள் மாலைக்குள் உப்புச்சப்பில்லாமல் ஆகி, நனைந்த அட்டை வாசனை எட்டிப்பார்க்கும். நாலைந்து பேர் கூடுகிற இடத்தில் ஐந்து லிட்டர் நிற்கவே நிற்காது என்பதால் இது குறையாகத் தெரியாது. தனியாக வாரம் முழுக்க ஒவ்வொரு கோப்பையாகக் குடிக்கிறவர்களுக்கு வாயுக் குழாய்தான் வேண்டும். அரை பார் அழுத்தத்தில் ஐந்து லிட்டரையும் வெளியே தள்ள சுமார் 14 கிராம் கரியமில வாயு பிடிக்கும், அதாவது 16 கிராம் குப்பி ஒன்று சரியாக வரும், 8 கிராம் என்றால் இரண்டு. குழாயை மூடும்போது கசிவு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுங்கள். குப்பி வாங்கும்போது பெயரைப் படிப்பது அவசியம். கிரீம் அடிக்கிற 8 கிராம் குப்பியும் பார்வைக்கு இதே மாதிரிதான், உள்ளே இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. காற்றுத் துப்பாக்கிக்கு விற்கிறவற்றில் சிலதில் எண்ணெய் கலந்திருக்கும், நுரையே நிற்காது.

எந்த பீருக்கு இது பொருந்தும் என்றால், குறைந்த வாயு கேட்கிற ஆங்கிலேய வகைகள்: பிட்டர், மைல்டு, போர்ட்டர், ஸ்டவுட். இவற்றில் 1.8 மடங்கு என்பதே சரியான அளவு, பாட்டிலில் குடிப்பதை விட மிருதுவாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். கோதுமை பீர், பெல்ஜிய வகைகள் எல்லாம் சுறுசுறு என்று இருக்க வேண்டியவை, அவற்றை இதில் அடைத்தால் மந்தமாக இருக்கும். அதிகம் அடைத்தால் மேலே சொன்ன உப்பல். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) வாசனையை நம்பி நிற்கிற ஐபிஏ வகை பீரை வாயுக் குழாய் இருந்தால் மட்டும் போடுங்கள். கோதுமை, பெல்ஜிய வகைகளுக்கு நான் இன்றும் பாட்டில்தான். அதனால் பாட்டில் கழுவுவதிலிருந்து முழு விடுதலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பாதி விடுதலை.

பலவீனமான பாகம் கீழே உள்ள அந்தப் பிளாஸ்டிக் குழாய். அதன் உள்ளே ஈஸ்ட் ஒட்டும், கழற்றிக் கழுவ எளிதாக வராது. நான் பெர்கார்பனேட் கரைசலைக் குழாய் வழியாகவே ஓடவிட்டு, பிறகு கிருமிநீக்கியையும் அப்படியே விடுகிறேன். சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்துவிட்டால் சரி செய்ய முயல்வதில்லை. நிரப்புவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் நிறுத்திப் பார்த்தால் ஒழுகல் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கழுவிய பின் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்ப்பேன். படலத்தில் மங்கலாக ஒரு கறை என்றால் தொந்தரவில்லை. விரலில் ஒட்டுகிற பழுப்பு, மடிப்பில் புள்ளி புள்ளியாகத் துரு, உரிந்து தொங்கும் படலம், திரும்பாத உப்பல், விளிம்பில் நசுங்கல், இதில் ஒன்று இருந்தாலும் அந்த கெக் வேலையை முடித்துக்கொண்டது. குழாயையும் ரப்பரையும் பிடுங்கிவிட்டு, ஓட்டை திறந்தபடி இரும்புக் கழிவில் சேர்த்துவிடலாம். காந்தம் ஒட்டும் தகடு என்பதால் உருக்குக்குப் போய்விடும். நல்ல ரப்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கெக்குக்கு ஆகும்.