38,500 ரூபாவுக்கு ஒரு ஓட்டை டிஸ்ரிபியூட்டர்: பழைய பீட்டில் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் இந்த டிஸ்ரிபியூட்டரை விற்ற ஆள் என்னை பிளொக் பண்ணினான். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கார் அப்பாவின் 1962 வொக்ஸ்வாகன் பீட்டில். எஞ்சின் பிறகு மாற்றிய 1600 சிசி, மேலே பெற்றோலையும் காற்றையும் கலக்கும் சோலெக்ஸ் 34 பிக்ட்-3 காபரேட்டர். பிளக்குகளுக்கு முறைவைத்து மின்பொறி அனுப்புவதுதான் டிஸ்ரிபியூட்டர். இந்தக் காபரேட்டருக்கு வக்கியூம் உள்ளது, அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை மாற்றுவதுதான் ஒத்துவரும். வக்கியூம் இல்லாத 009 என்ற மொடலைப் போட்டால் அக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் விக்கித் தடுமாறும். இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏமாந்ததுதான் வயிற்றெரிச்சல்.

பழைய சாமான் விற்கும் ஒரு ஒன்லைன் தளம். கொழும்புப் பக்கத்து ஆள். "ஜெர்மன் பொஷ், ஒரிஜினல்" என்று பளபளவென ஒரு படம். வக்கியூம் வேலை செய்யுதா என்று மட்டும் கேட்டேன். வொய்ஸ் அனுப்பினார்: "தம்பி, நானும் இதே காரோட கிடந்து மாயுறவன்தான். நானே வாயால ஊதிப் பார்த்தன். கண்ண மூடிக்கொண்டு வாங்குங்க."

மூடிக்கொண்டுதான் வாங்கினேன். 38,500 ரூபா, முழுக்காசும் முன்கூட்டியே வங்கியில்.

ஊதிப் பார்த்தானாம்! அதை உறிஞ்சியல்லவா பார்ப்பது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேணும்.

அதைக் காரில் பூட்டிக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஏறினால் விக்கல். பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தே கொன்றார். கராஜ் மாமா கழற்றி, வக்கியூம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார். நல்லதென்றால் உள்ளே தட்டு அசையும், குழாயை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்கும். இதில் அசையவேயில்லை. "வெறும் காத்துத்தான் வருது மகன், றப்பர் கிழிஞ்சு கனகாலம்." நடுவில் சுழலும் தண்டைப் பிடித்தார், கடகடவென்று ஆடியது. அப்படி ஆடினால், பொறிக்காக உள்ளே திறந்து மூடும் பொயின்றுக்கு 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்து என்ன பயன்? வெளியே மட்டும் புதுச் சில்வர் பெயின்ட்.

விற்றவனிடம் கேட்டால், முதல் நாள் "காபரேட்டரப் பாருங்க". மூன்றாம் நாள் "உங்கட மெக்கானிக்குக்குத் தெரியாது". மறுகா, இன்னும் 12,000 போட்டால் 009 ஒன்று தருவானாம், "ரேஸ் காருக்குப் போடுறது". எதை வேண்டாமென்று ஒதுக்கினேனோ அதையே! 38,500ஐத் திருப்பித் தா என்றேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். தளத்துக்கு எழுதினால், விற்பவரோடு பேசுங்கள் என்கிறார்கள்.

தெரிவு செய்வது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. உறிஞ்சிக் காட்டும் வீடியோ கேளுங்கள். தண்டை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்ரிபியூட்டரின் உடம்பில் அடித்த நம்பரைப் படமாக வாங்குங்கள். முழுக்காசை முன்னுக்குப் போடாதீர்கள்.

கார் கராஜ் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் எறியச் சொன்ன பழைய டிஸ்ரிபியூட்டரை மாமா எங்கோ எடுத்து வைத்திருந்தாராம், அதைத்தான் இப்போது துடைத்துக்கொண்டிருக்கிறார்.