1992-ஐத் திரும்பிப் பார்க்க எது உதவும்: இணையமா, இயர்புக்கா, பழைய பேப்பரா, ஆச்சியின் கணக்கு நோட்டா?

ஒரு வருடத்தில் உலகத்திலும் நம் தெருவிலும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான்கு வழிகள் கைக்கு எட்டுகின்றன: இணையப் பட்டியல், இயர்புக் (வருட நிகழ்வுகளைத் தொகுத்துத் தரும் ஆண்டுப் புத்தகம்), பைண்டு செய்த செய்தித்தாள், வீட்டுப் பெரியவர்களின் பேச்சும் கணக்கு நோட்டும். நான்கையும் 1992-ஐ வைத்து உரசிப் பார்த்தேன். அந்த வருடத்தைச் சொன்னாலே திருநெல்வேலிக்காரர்கள் நவம்பர் 13 தாமிரபரணி வெள்ளத்துக்குப் போய்விடுவார்கள். சோதனைக்கு அதைவிடத் தோதான வருடம் கிடையாது.

முதலில் இணையப் பட்டியல். ஒரு நிமிட வேலை. ஏப்ரலில் போஸ்னியாப் போர், ஜூனில் ரியோ பூமி மாநாடு, ஜூலை கடைசியில் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ், நவம்பரில் கிளின்டன் வெற்றி என்று வரிசையாகக் கொட்டும். டிசம்பர் 3 அன்று உலகின் முதல் எஸ்.எம்.எஸ். போனதையும் மறக்காமல் சொல்லும். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த டிசம்பரில் அந்தச் செய்தி யார் காதில் விழுந்தது? பாளையங்கோட்டையில் அப்போது ராத்திரி கட்டணம் குறையட்டும் என்று வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் பெரிதானதை எல்லாம் முன்னால் கொண்டுவந்து வைப்பது பட்டியலின் குணம். தாமிரபரணி வெள்ளத்துக்கு அதில் இடமே இல்லை.

இயர்புக் கொஞ்சம் மேல். இந்தியா ஒழுங்காக இருக்கும்: பிப்ரவரி 18 கும்பகோணம் மகாமக நெரிசல், ஏப்ரலில் வெடித்த ஹர்ஷத் மேத்தா பங்குச்சந்தை ஊழல், மே மாதம் விடுதலைப் புலிகள் மீதான தடை. ஆனால் பொதுவாக வருடம் முடியும் முன்பே புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அந்த வருடத்தையே புரட்டிப் போட்ட டிசம்பர் 6 பாபர் மசூதி இடிப்பை அந்த ஆண்டுப் புத்தகத்தில் தேடிப் பிரயோஜனமில்லை, அடுத்த வருடப் புத்தகத்தை எடுக்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஒன்றை மட்டும் வாங்கி வருபவர்கள் கவனிக்க.

செய்தித்தாளுக்கு வருவோம். பைண்டு வால்யூம் என்றதும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். சென்னைப் பதிப்பில் தாமிரபரணி வெள்ளம் ஒரு செய்தி, அவ்வளவுதான். நெல்லைப் பதிப்பில்தான் சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை, கருப்பந்துறை என்று தெருத் தெருவாக வரும். இங்கே நெல்லைப் பதிப்புக்கு வரலாறும் உண்டு. 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலரே 1957-இல் திருநெல்வேலிக்கு இடம் மாறி வந்ததுதான்.

தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு ஓரங்களைப் படித்தால் அன்றாடம் தெரியும். எந்தத் தியேட்டரில் எத்தனையாவது வாரம், தங்கம் என்ன விலை, டெண்டர் அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி, கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் கூடுதல் பஸ். இவற்றைப் பிற்காலத்துக்காக யாரும் எழுதவில்லை, அதனாலேயே எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை அதிகம்.

இனி பேச்சு. சுவையில் இதை அடிக்க ஆளில்லை, தேதியில்தான் தகராறு. எங்கள் பெரியப்பா 1992 உலகக் கோப்பையைப் பந்து பந்தாகச் சொல்வார். "தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பந்துல 22 ரன் வேணும்னு போட்டான் பாரு, அதாம்ல ஃபைனல்" என்பார். அது மார்ச் 22 சிட்னியில் நடந்த அரையிறுதி. மார்ச் 25 மெல்போர்ன் இறுதிப் போட்டியில் பாகிஸ்தான் இங்கிலாந்தை வென்றதும் 22 ரன்னில்தான். இரண்டு இருபத்திரண்டும் அவர் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

வெள்ளத்திலும் இதே கதைதான். குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது, விடியக்காலை தண்ணீர் ஏறியது எல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கேட்டால் இரண்டு வெள்ளமும் கலந்து வருகிறது. 1992-இல் மலையில் கொட்டிய மழை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீர் ஆற்றை ஏற்றியது. 2023-இல் சமவெளியிலும் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. இப்போது 92-ஐப் பற்றிப் பேசும்போதும் சிலர் 2023-இல் குளம் உடைந்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

வருடக் கணக்கும் குழப்பும். ஆச்சிக்கு வருடம் சித்திரையில் பிறக்கும், எனவே 1992 சித்திரை முதல் 93 பங்குனி வரை ஆங்கீரச. பழைய பத்திரம் என்றால் கொல்லம் ஆண்டு, அது ஆவணியில் மாறும். "அந்த வருசம் தைல" என்று ஆச்சி சொன்னால் அது 93 ஜனவரி, பிப்ரவரி.

அதே ஆச்சியின் கணக்கு நோட்டு வேறு ரகம். நாற்பது பக்க நோட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. சனிக்கிழமைதோறும் வரவில் பீடிக் கூலி. வெள்ளம் வந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை வரவுப் பக்கம் காலி. "தூள் நனஞ்சது" (பீடிக்கான புகையிலைத் தூள்) என்று மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது. அடுத்த வாரச் செலவில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிளீச்சிங் பவுடர். நிவாரணம் வந்ததா, யார் வீட்டுச் சுவர் விழுந்தது, ஒன்றும் இல்லை. உலகக் கோப்பை, கிளின்டன் பெயருக்குக்கூட இல்லை. டிசம்பர் 7-இல் "பால் மட்டும். கடை இல்லை." ஏன் கடை இல்லை என்று ஆச்சி எழுதவில்லை. அன்றைக்கு யாருக்கும் அது எழுத வேண்டிய விஷயமில்லை, தெருவுக்கே தெரியும்.

அன்றாடத்துக்கு என் ஓட்டு நோட்டுக்குத்தான். ஆனால் நோட்டு தனியாகப் பேசாது. அதில் காலியாகக் கிடக்கும் தேதிகளையும் திடீரென்று செலவு மாறும் வாரங்களையும் குறித்துக்கொண்டு நெல்லைப் பதிப்பைப் புரட்டினால் பாதி விளங்கிவிடும். மீதிக்கு அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பெரியவர்களைக் கேட்க வேண்டும். "92-ல என்ன நடந்துச்சு ஆச்சி" என்றால் வெள்ளம் மட்டும்தான் வரும். "இந்த வாரம் மண்ணெண்ணெய் ஏன் ரெண்டு தடவ வாங்கியிருக்கு" என்று கேட்டால் ரேஷன் கடை வரிசை, பக்கத்து வீட்டு மதினி கொடுத்த கைமாத்து, கரண்ட் வந்த ராத்திரி எல்லாம் வெளியே வரும். இயர்புக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. வீட்டில் நோட்டே இல்லாதவர்களுக்கு பீடிக் கடை பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு, கல்யாண மொய் நோட்டு எதுவானாலும் சரி, தேதியும் தொகையும் இருந்தால் போதும்.