லய அறைக்குள் ஒரு சிறிய கேமிங் கணினி: எட்டு மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) உள்ள அக்காவின் வீட்டில், முன்னறை மேசையில், உயர்தர வகுப்புப் புத்தகங்களுக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சியிருந்த இடம் 22 சென்டிமீற்றர். அந்த இடத்துக்குள் அடங்கக்கூடிய கணினியொன்றைச் சேர்த்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. மருமகனின் பாட வேலைக்கும் அது உதவ வேண்டும், அவன் ஆசைப்பட்ட விளையாட்டுகளும் ஓட வேண்டும், பணமோ மட்டாகத்தான் இருந்தது. பாகங்களைக் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இரண்டு கடைகளில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்து, அந்த மேசையிலேயே பூட்டினோம். எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தெரிவுகளில் எது சரி, எது பிழை என்பதை எழுதுகிறேன். டொலரோடு சேர்ந்து விலையும் ஆடுவதாலும், 2025 இன் இறுதியிலிருந்து ரெம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலை உலகம் முழுவதும் ஏறியதாலும், ரூபாக் கணக்கு எழுதினால் வாசிப்பதற்குள் பழையதாகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறேன்.

நான் முதலில் தெரிவு செய்தது பவர் சப்ளையை, அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகத்தை. கடைக்காரர்கள் புரொசசரிலிருந்தும் விஜிஏ கார்டிலிருந்தும் (திரைக்குப் படம் வரைந்து தரும் தனி அட்டை) பேச்சைத் தொடங்கி, பவர் சப்ளையைக் கேசிங்கோடு (கணினியின் வெளிப்பெட்டி) சேர்ந்து வரும் இலவசச் சாமானாகவே காட்டுவார்கள். அந்த இலவசத்தை நம்பி என்னுடைய பழைய கணினியைப் பறிகொடுத்தவன் நான். கேசிங்கின் மேல் 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கார்ட் ஒன்றைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்த மாலையில், டப் என்ற ஒரு சத்தத்துடன், எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் பலகையான மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. கழற்றிப் பார்த்தபோதுதான் பக்கவாட்டு ஒட்டியை முதன்முறையாக வாசித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் 16 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 192 வாட். புரொசசரும் விஜிஏ கார்டும் ஏறக்குறைய முழுச் சக்தியையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், மீதி முந்நூறு வாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனபோது, எரிந்த தடம் இருப்பதால் வொரண்டி செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே இம்முறை கேசிங்கை வெறும் பெட்டியாக வாங்கி, 550 வாட் பிரொன்ஸ் தரத்து (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வாங்கினேன். 12 வோல்ட்டில் 44 ஆம்பியர், அதாவது 528 வாட், தரக்கூடியது அது. அதன் ஒட்டியில் நான் தேடிய இன்னொரு வரி, உள்ளே வரும் மின்னழுத்தம் 100 முதல் 240 வோல்ட் வரை என்பது. மலிவானவை பலவற்றில் 200 முதல் 240 வரை என்றுதான் இருக்கும். கொழும்பில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாலை ஆறரைக்கு லயம் முழுவதும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போடப்பட்டு, குழல் விளக்கு எரியவா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில், 230 இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? அக்கா வீட்டில் விளக்கு மங்கிய பல மாலைகளில் இந்தக் கணினி ஒருமுறைகூடத் தானாக நிற்கவில்லை. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பாகத்துக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பவர் சப்ளையைப் பற்றிப் பேசும்போதே எர்த் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பூட்டி முடித்த அன்று கேசிங்கின் திருகைத் தொட்ட மருமகனுக்குச் சுள்ளென்று ஒரு கூச்சம் ஏற்பட்டது. பழைய வீட்டு வயரிங்கில் மூன்று துளைச் சொக்கட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கேசிங்கைப் பிடித்து வைத்திருப்பதால், எர்த் இல்லாதபோது அந்த உலோகப் பெட்டியில், வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தில் பாதியளவு நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கூச்சத்தோடு போய்விடுகிறது. ஆனாலும் அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. மின்னியலாளர் ஒருவரை அழைத்து எர்த் கம்பியைச் சரிசெய்த பின்னரே கணினியை அவனிடம் ஒப்படைத்தேன். எர்த் இல்லாத வீட்டில் விலை கூடிய சேர்ஜ் புரொடெக்டரை (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுப்பது) வாங்கி மாட்டினாலும் அது பாதி வேலைதான் செய்யும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால், எது மாட்டியிருந்தாலும் பிளக்கைக் கழற்றி வைப்பதே வழி.

புரொசசர் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. 2021 இல் வெளிவந்த இது இன்றைக்குப் பழையதுதான். ஆறு கோர் (கணிக்கும் அலகுகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 65 வாட், கார்ட் இல்லாமலே படம் தரும் வேகா கிராபிக்ஸ் உள்ளேயே. இதற்குப் பதிலாக இன்டெல் கோர் ஐ3 12100எஃப் எடுத்து ஒரு விஜிஏ கார்டைப் போடும்படி நண்பர்கள் இருவர் சொன்னார்கள். விளையாட்டு வேகத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எஃப் என்று முடியும் இன்டெல் புரொசசர்களில் கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதாகி வொரண்டிக்குக் கொழும்பு போனால், அது திரும்பி வரும் வரை திரை இருண்டே கிடக்கும். இங்கிருந்து கொழும்புக்கு இறங்கி ஏறுவதற்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் லீவும் வேண்டும், கடையில் கொடுத்தால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கணினி அப்படிக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே 5600ஜி. கார்டே இல்லாமல் இன்று தொடங்கலாம், கையில் பணம் சேரும்போது கார்ட் போடலாம், கார்ட் போனாலும் படம் வரும். இதற்குப் பின் வந்த 8600ஜி இதைவிட எவ்வளவோ நல்லது என்பது உண்மை. ஆனால் அதற்குப் புதிய மதர்போர்டும் புதிய வகையான டிடிஆர்5 ரெம்மும் சேர்த்து வாங்க வேண்டியிருந்ததால், விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

5600ஜி வாங்குவோர் ரெம்மில் கஞ்சத்தனம் காட்டினால் வாங்கிய பயனே இல்லை. தனியான விஜிஏ கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ரெம்மிலிருந்துதான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4 வகையில் 3200 வேகத்து ரெம் துண்டு ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைட் தரும், இரண்டாகப் போட்டால் 51.2. ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்ட் ஒன்று தனக்குள் 224 கிகாபைட் வைத்திருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே குறுகிய பாதையைப் பாதியாக அடைப்பது எவ்வளவு நட்டம் என்பது தெரியும். ஆனாலும் கடையில் எனக்கு முதலில் எடுத்து வைத்தது 16 கிகாபைட்டில் ஒரே ஒரு துண்டு. பிறகு கூட்டலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். மறுத்து, எட்டில் இரண்டு கேட்டு வாங்கினேன். சும்மா ஆசைக்கு ஒரு துண்டைக் கழற்றிவிட்டு ஜிடிஏ 5 என்ற விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம். தெருவில் வாகனம் திரும்பும் இடங்களில் படம் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. துண்டைத் திரும்பப் போட்டதும், நடுத்தர அமைப்பில் முழு எச்டித் திரையில் ஓட்டம் சீரானது. பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ரெம் வேகத்தின் புரொபைலை இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய பல துண்டுகள் 2400 இலோ 2666 இலோ ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் பலர் கவனிக்காத விடயம்.

கிராபிக்ஸுக்காக ரெம்மில் 2 கிகாபைட்டை ஒதுக்கிவிட்டு வந்த மறுநாள் காலையில் மருமகனின் அழைப்பு வந்தது. "மாமா, பதினாறுன்னு சொல்லித்தானே வாங்கினோம், பதிமூனு புள்ளி ஒம்பதுன்னு காட்டுதே, ஏமாத்திட்டாங்களா?" ஏமாற்றவில்லை. ஒதுக்கிய பங்கு போக மிஞ்சியதைத்தான் விண்டோஸ் காட்டுகிறது.

மதர்போர்ட் ஏ520 வகையில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவு. சிறிய கணினி என்றதும் 17 சென்டிமீற்றர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுகளைத்தான் இணையத்தில் எல்லோரும் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அளவில் மதர்போர்டும், அதற்குரிய கேசிங்கும், எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய பவர் சப்ளையும் ஒவ்வொன்றும் விலை கூடியவை, அவசரத்துக்குக் கண்டியிலும் கிடைப்பது அரிது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் போட்ட எங்கள் கேசிங்கின் அகலம் 20 சென்டிமீற்றர், மேசை மூலையில் இரண்டு சென்டிமீற்றர் மிச்சம். ஏ520 இல் புரொசசரை வேகமேற்ற முடியாது, பிசிஐஇ (விஜிஏ கார்டும் எஸ்எஸ்டியும் தரவு அனுப்பும் பாதை) 3 ஆம் பதிப்புக்கு மேல் போகாது. 5600ஜியும் பிசிஐஇ 3 உடன் நின்றுவிடுவதால், பி550 என்ற மேல்வகைப் போர்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் இங்கே பொருளில்லை. பழைய இருப்பில் உள்ள போர்டுகள் சில பயோஸைப் புதுப்பிக்காமல் இந்தப் புரொசசரை ஏற்காது. ஆகையால் கடையிலேயே புரொசசரைப் போட்டுத் திரையில் படம் வருவதைப் பார்த்துவிட்டே பணம் கொடுத்தேன். அதற்காக அரை மணி நேரம் காத்திருந்தது வீண்போகவில்லை.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 கிகாபைட் என்விஎம்இ வகை. இது என் பிழை. ஜிடிஏ 5 மட்டுமே நூறு கிகாபைட்டைத் தாண்டுகிறது, இரவு நேர டேட்டாவில் நாள் கணக்கில் இறக்கியதை இடம் போதாமல் அழிப்பது பிள்ளைக்குப் பெரிய துக்கம். ஒரு டெராபைட் வாங்கியிருக்க வேண்டும்.

குளிரூட்டலைப் பற்றிப் பலருக்கும் இங்கே ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. மலைநாட்டில் குளிர் அதிகம், ஃபேன் எதற்கு என்கிறார்கள். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடப் பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைவு, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் வெப்பம் குறைவு. கொழும்பில் அறை வெப்பத்தைவிட 45 பாகை கூடும் புரொசசர் இங்கே 49, 50 பாகை கூடலாம். ஆனால் அறையே பத்துப் பாகை குளிர்ந்திருப்பதால், முடிவில் நமக்குத்தான் இலாபம். புரொசசரோடு வந்த கூலரே போதுமாக இருந்தது. கேசிங்கின் பின்னால் ஒரு ஃபேன் மட்டும் கூட்டினேன்.

ஈரமும் கரியும் அப்படி இலகுவாக விடுவதில்லை. பின்கட்டில் விறகடுப்பு எரியும் வீட்டில், ஃபேன் இதழ்களில் படிவது உலர்ந்த தூசியல்ல, பிசுபிசுப்பான கரி. ஊதினால் போகாது. நான்காம் மாதம் பழைய பல்துலக்கியால் ஒவ்வோர் இதழாகத் துடைத்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும், பூட்டிய அறையில் மூடுபனிக் காலத்தில் வாரக் கணக்கில் அணைந்து கிடக்கும் கணினிக்குள் ஈரம் இறங்கும். அன்றாடம் ஓரிரு மணி நேரம் ஓடும் கணினி தன் வெப்பத்திலேயே உலர்ந்துகொள்கிறது. துருப்பிடித்த பாகத்துக்கு வொரண்டி இல்லை என்று எங்கள் பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதே சீட்டில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும் இருக்கிறது, மீதிப் பதினைந்து நாளை யார் எடுத்துக்கொண்டார்களோ. பின்பக்கத்துத் தகரத் துண்டுகளில் ஒன்று பெயர்ந்து கிடந்த ஒரு வாரத்துக்குள், சூட்டைத் தேடிய கரப்பான் குடும்பமொன்று குடிவந்துவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்றும் வாங்கினோம். விஜிஏ கார்ட் இல்லாத இந்தக் கணினிக்கும் திரைக்கும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் தருகிறது. வேலையைச் சேமித்து அணைக்க அது போதும், ஆட்டத்தை முடிக்கப் போதாது.

இவ்வளவு செலவும் முடியாதவர்களுக்கு, ரீகண்டிஷன் (பாவித்ததைச் சீர்செய்து விற்கும்) டெல் ஒப்டிபிளெக்ஸ் சிறிய வகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மேசையில் அது இதைவிடக் குறைந்த இடம்தான் எடுக்கும். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறைப் புரொசசர்கள் மிகச் சிலவற்றைத் தவிர விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை, வாலரன்ட் என்ற விளையாட்டு விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. அவற்றின் பவர் சப்ளையும் போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால், பழுதானால் வேறொன்றைப் பொருத்த முடியாது.

எங்கள் கணினியில் வாலரன்ட் தாழ்ந்த அமைப்பில் செக்கனுக்கு நூறு பிரேமுக்கு (படச் சட்டத்துக்கு) மேல் தருகிறது. புதிய பெரிய விளையாட்டுகளுக்கு 720 என்ற குறைந்த திரைத் துல்லியத்துக்கு இறங்கினாலும் மூச்சு வாங்குகிறது. அடுத்த கட்டமாக விஜிஏ கார்ட் ஒன்று போட வேண்டும். ஆர்எக்ஸ் 6400 மலிவு, ஆனால் அது நான்கு லேன் (பிசிஐஇ பாதையின் தடங்கள்) மட்டும் கொண்டது, பிசிஐஇ 3 இல் அதன் பாதை பாதியாகிவிடும். 6 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050 எழுபது வாட்டில், பெரும்பாலான மொடல்களில் தனிக் கம்பி இல்லாமல், ஓடும். எட்டு லேனும் 132 வாட்டும் கொண்ட ஆர்எக்ஸ் 6600 இவை இரண்டையும்விட வேகமானது, எட்டு பின் கம்பி ஒன்று கேட்கும். அந்தக் கம்பி எங்கள் பவர் சப்ளையில் இப்போதே ரப்பர் பட்டி போட்டுக் கட்டிக் கிடக்கிறது. பரீட்சை முடியட்டும் என்று அக்கா சொல்லியிருப்பதால், அது இன்னும் சில மாதங்கள் அப்படியே கிடக்கும்.