பழைய லேப்டாப்புக்கு எந்த டாக்: அடியில் பூட்டுவதா, யூஎஸ்பியில் செருகுவதா?

டாக் என்பது மானிட்டர், கீபோர்டு ஒயர்களையெல்லாம் ஒரே இடத்தில் செருகி வைத்து லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. வெளியில் லேப்டாப்பாகவும் வீட்டில் டெஸ்க்டாப்பாகவும் ஒரே பழைய மெஷினை ஓட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, லேப்டாப் கம்பெனியே செய்த டாக். மேலே வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, எந்த லேப்டாப்பிலும் செருகலாம் என்று விற்கும் யூஎஸ்பி 3.0 டாக். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மெஷின், 2012-இல் வந்த தின்க்பேட் டி430. யூஎஸ்பி டாக்கைக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கடைசியில் பூட்டும் டாக்குக்கே வந்துவிட்டேன்.

மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், லேன் எல்லாம் இரண்டிலும் வேலை செய்யும். படம் வரும் வழிதான் வேறு. யூஎஸ்பி டாக்குகள் பலவற்றில் இருப்பது, யூஎஸ்பி வழியாகவே படத்தை மானிட்டருக்குக் கொண்டுபோகும் டிஸ்ப்ளேலிங்க் சிப். டிரைவர் போட வேண்டும். திரையில் மாறுவதையெல்லாம் பிராசசரே சுருக்கி அனுப்ப வேண்டும். டேலியும் பிரௌசரும் திறந்திருக்கும்போது ஒரு வீடியோவையும் ஓட்டினால் இரண்டு கோர் ஐ5-க்கு மூச்சு வாங்கும். பூட்டும் டாக்கில் கிராஃபிக்ஸ் சிக்னல் நேராகவே வெளியே வந்துவிடுகிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போர்ட் தேய்வதைத்தான் பொறுக்க முடியாது. நான் தினமும் லேப்டாப்பைக் கடைகளுக்குத் தூக்கிப் போகிறவன். யூஎஸ்பி டாக் என்றால் காலையில் பவர் பின், யூஎஸ்பி ஒயர் இரண்டையும் உருவி, சாயங்காலம் திரும்பச் செருக வேண்டும். நம்மூர் உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கியே துருப்பிடிக்கிறது, போர்ட்டின் மெல்லிய தகடு எம்மாத்திரம்? யூஎஸ்பி போர்ட் மதர்போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அது ஆட்டம் கண்டால் ஒயரில் கை பட்டாலே மானிட்டர் கறுத்துப் போகும். சரிசெய்ய முழு லேப்டாப்பையும் பிரிக்க வேண்டும். பழைய மெஷினுக்கு அந்தக் கூலி கட்டாது.

பூட்டும் டாக்கில் சார்ஜும் அடியில் உள்ள நீளக் கனெக்டர் வழியாகவே ஏறுகிறது. பட்டனை அழுத்தினால் லேப்டாப் கையோடு வந்துவிடும். பவர் ஜாக்கைத் தொடும் வேலையே இல்லை. ஒயர்களெல்லாம் டாக்கிலேயே கிடக்கும். பராமரிப்பு என்று பார்த்தால், மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தை மெல்லிய பிரஷில் தொட்டு அவ்வப்போது கனெக்டரைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். துடைத்த ஈரம் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. என் டாக் டி420, டி430, எக்ஸ்230 போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். 2013-இல் வந்த டி440-இலேயே கனெக்டரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வேறு லேப்டாப் வாங்கினால் டாக் மூலையில்தான் கிடக்கும். யூஎஸ்பி டாக் அப்போதும் உதவும். அதனால் லேப்டாப்பை மேசையை விட்டு எடுக்காதவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம். டைப்-சி டாக்கை நான் வைத்து ஓட்டியதில்லை. லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டே படம் அனுப்பும் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில டைப்-சி போர்ட்டுகள் அனுப்பாது.

பூட்டும் டாக் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ புதுச்சேரி சண்டே மார்க்கெட்டிலோ கண்ணில் பட்டால், அடாப்டரும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். வெறும் டாக்கை மட்டும் வாங்கினால் லேப்டாப் அடாப்டரைத் தினமும் டாக்கிலிருந்து உருவிப் பைக்குள் வைப்பதும் திரும்ப மாட்டுவதுமாக இருக்க வேண்டும். கையோடு லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பூட்டி, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.