கரும்புப் பணமும் கடன்தானே? உணவு நிறுவனத்தின் கடனை அளக்க எந்த விகிதம்

கோபி பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவர் ஒரு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு விடுகிறார். அதே ஆலையின் பங்கிலும் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார். போன வாரம் ஆண்டறிக்கையை அச்செடுத்து வந்து கயிற்றுக் கட்டிலில் போட்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, கடன் குறைஞ்சு போச்சுன்னு போட்டிருக்கறாங்க. அப்புறம் எதுக்குங்க கரும்புப் பணம் இன்னும் வரலை?"

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கணக்குக்காக ஓர் ஆலையை நாமே கட்டிக்கொள்வோம். சொத்து 500 கோடி. வங்கிக் கடன் 200 கோடி. விவசாயிகளுக்கும் மற்றவர்களுக்கும் தர வேண்டிய பாக்கி 150 கோடி. மீதி 150 கோடி பங்குதாரர் பணம்.

வங்கிக் கடனை மட்டும் சொத்தால் வகுத்தால் 0.40. தர வேண்டியதை எல்லாம் சேர்த்து வகுத்தால் 0.70. இரண்டையுமே கடன்–சொத்து விகிதம் என்றுதான் சொல்கிறார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் வம்புதான்.

உணவுத் தொழிலில் இந்த இரண்டுக்கும் நடுவே விவசாயி நிற்கிறார். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் அது கடன் என்ற தலைப்பில் வராது, 'டிரேட் பேயபிள்', அதாவது சரக்கு வாங்கியதற்குத் தர வேண்டிய பாக்கி என்று தனியாக உட்கார்ந்திருக்கும். நம் ஆலை கரும்புப் பணத்தில் 50 கோடியை நிறுத்தி வைத்து வங்கிக்குக் கட்டிவிட்டது என்று வையுங்கள். வங்கிக் கடன் 150 கோடி, பாக்கி 200 கோடி, சொத்து அதே 500 கோடி. முதல் விகிதம் 0.30க்கு இறங்கிவிடும். இரண்டாவது 0.70லேயே நிற்கும். மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான். அதனால் என் ஓட்டு இரண்டாவதற்கு.

வங்கிக் கடனைப் பங்குதாரர் பணத்தால் வகுப்பது கடன்–பங்கு விகிதம். இதில் ஒரு வசதி உண்டு: நாம் வகுக்க வேண்டியதில்லை. 2021-22 முதல் நிறுவனங்கள் 11 விகிதங்களைக் குறிப்புகளில் அச்சிட வேண்டும், 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் சொல்ல வேண்டும். அதில் இது உண்டு, கடன்–சொத்து விகிதம் கிடையாது. நம் ஆலைக்கு இது 1.33. ஆனால் ஆலை தன் நிலத்தை மறுமதிப்பிட்டு 100 கோடி ஏற்றினால், வரியை விட்டுப் பார்த்தால் 0.80 ஆகிவிடும். ஒரு பைசா கடன் அடைக்கவில்லை! நான் ஓட்டுப் போட்ட விகிதமும் இதற்கு ஏமாறும், 0.70லிருந்து 0.58க்கு.

ஏமாறாதது வட்டி தாங்கும் விகிதம். வட்டிக்கும் வரிக்கும் முந்திய லாபம் 30 கோடி, வட்டி 20 கோடி என்றால் 1.5. நிலத்தின் மதிப்பை ஏற்றிக் காட்டினாலும் இது அசையாது. ஆனால் மழை பொய்த்தால் தலைகீழாகலாம். ஒரு வருடத்து எண்ணை நம்பக் கூடாது.

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிக் கம்பெனிகளுக்கு வந்தால் கதையே வேறு. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகை பண்ணைக்காரருடையது. கொட்டகைக்கு வாங்கிய கடனும் அவர் பேரில். கம்பெனியின் விகிதம் லேசாகத் தெரிவதில் வியப்பில்லை. சொந்த ஆலை வைத்திருக்கும் பால் நிறுவனத்தோடு அதை நிறுத்திப் பார்ப்பது வீண்.

சர்க்கரைக்குப் பருவமும் உண்டு. மார்ச் 31 அன்று குடோன் நிறைய மூட்டை, அதன்மேல் வங்கிக் கடன். பட்டியலிட்ட நிறுவனமென்றால் செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டும் வெளிவரும். மார்ச்சை மார்ச்சோடும், செப்டம்பரைச் செப்டம்பரோடும் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் குறிப்புகளில் டிரேட் பேயபிளின் வயதுப் பட்டியலைத் தேடினோம். ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, அதற்கு மேல் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஓராண்டைத் தாண்டிய கட்டத்தில் மாமா விரலை வைத்தார், எடுக்கவில்லை. பழைய அறிக்கைகளையும் பிரித்து, பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கம் நான்கு ஆண்டு எண்களை வரிசையாக எழுதினோம். முதல் விகிதம் இறங்கியிருந்தது, இரண்டாவது ஏறியிருந்தது.

பங்கை விற்கலாமா என்று அவர் கேட்கவில்லை. "இந்த வருசம் மஞ்சள் போட்டர்லாமுங்களா?" என்றார்.